வாயில் மறுக்கும் உரிமை

“அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது. மீறுவோர்மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.” இந்தப் பலகையைத் தினமும் கடந்து போகிறோம். தென்னந்தோப்பின் முள்வேலியில், காலி மனையின் கல்தூணில், தொழிற்சாலையின் இரும்புக் கதவில் ஒரே வாசகம்தான் இருக்கிறது. தோப்புக்குள் தேங்காய் இருக்கிறது. காலி மனைக்குள் எதுவும் இல்லை. திண்டுக்கல், ஈரோடு, கோவை, திருப்பூர், விருதுநகர் மாவட்டங்களில் பல நூற்பாலைகளின் கதவுக்குப் பின்னால் பெண்கள் வசிக்கிறார்கள்.

வேலை செய்கிறார்கள் என்று மட்டும் சொல்ல முடியாது. ஷிப்டு முடிந்ததும் அதே சுற்றுச்சுவருக்குள் இருக்கும் விடுதிக்கு நடந்துபோய்ச் சாப்பிட்டு, துணி துவைத்து, தலையிலிருந்து பஞ்சை உதறிவிட்டுத் தூங்குகிறார்கள். சுமங்கலித் திட்டம், திருமாங்கல்யத் திட்டம், கேம்ப் கூலி என்று இதற்குப் பல பெயர்கள் இருந்தன. மூன்று வருடம் உள்ளேயே தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை மொத்தமாகக் கைக்கு வரும் என்று சொல்லித் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகளைப் புரோக்கர்கள் அழைத்துவந்தார்கள். பெயர்கள் கெட்டுப்போன பிறகு திட்டத்தின் பெயரை யாரும் சொல்வதில்லை. விடுதிகள் இருக்கின்றன. இப்போது அங்கே ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்களும் இருக்கிறார்கள்.

இப்படி ஓர் ஆலையின் வாசலுக்கு, உள்ளே இருக்கும் பெண்களைப் பார்க்கத் தொழிற்சங்கப் பெண் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை நிறுத்தித் திருப்பி அனுப்பும் உரிமை ஆலை உரிமையாளருக்கு உண்டா? அந்த உரிமை எங்கிருந்து வருகிறது? அது நியாயமானதா?

நம் சட்டம் இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வதில்லை. சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவில் இருக்கிறது. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் ஆலையில் வேலை செய்யாதவர்களும் சங்கத்தின் பொறுப்பில் இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அப்படி வெளியிலிருந்து வருபவர் உள்ளே போய்த் தொழிலாளியைச் சந்திக்கலாம் என்று அது சொல்லவில்லை. மறுபக்கம் குற்றவியல் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒருவர் வசமுள்ள இடத்துக்குள், அவரை அச்சுறுத்தவோ அவமதிக்கவோ எரிச்சலூட்டவோ எண்ணி நுழைந்தால் அது அத்துமீறல். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 441ஆவது பிரிவாக இருந்தது, இப்போது நியாய சன்ஹிதாவின் 329ஆவது பிரிவாக இருக்கிறது. சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள் என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்வது யாருக்கு எரிச்சலூட்டும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

உரிமையாளரின் பக்கத்தையும் கேட்க வேண்டும். நிலம் அவருடையது, கட்டடம் அவருடையது, அதற்கான கடனை அடைப்பவரும் அவர். தன் இடத்துக்குள் யார் வரலாம், யார் வரக் கூடாது என்று முடிவு செய்ய முடியாவிட்டால் அதை உடைமை என்று எப்படிச் சொல்வது? பெண்ணியவாதிகள் இந்த வாதத்தைப் பரிகசித்துவிட்டுப் போக முடியாது. சொத்தும் அதன் கதவும் நமக்குச் சாதாரணமாகக் கிடைக்கவில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989இல்தான் சட்டமாக்கியது. இந்தியா முழுமைக்கும் அது 2005இல் வந்தது. குடித்துவிட்டு வரும் கணவனை வெளியே நிறுத்த ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்று ஏங்கிய பெண்களின் வரலாறு நமக்குப் பின்னால் இருக்கிறது. கதவை அடைக்கும் உரிமை எனக்கும் வேண்டும். அந்தத் தாழ்ப்பாள் யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

நான் படிப்பித்து வரும் இலக்கணம் இதற்கு ஒரு சொல்லைத் தருகிறது. தமிழில் வாயில் என்பது கதவு இருக்கும் இடம் மட்டும் அன்று. அகப்பொருள் மரபில் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே போய்வரும் ஆளுக்கும் வாயில் என்றே பெயர். தொல்காப்பியத்தின் கற்பியல் அப்படிப் பன்னிரண்டு வாயில்களைப் பட்டியலிடுகிறது. தோழி, தாய், பாணன், விறலி, விருந்தினர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். உள்ளே இருப்பவளுக்கு வெளியுலகம் வந்து சேர்வது இவர்கள் வழியாகத்தான். பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவன் பாணனைத் தூது அனுப்பினால், தலைவியோ அவள் சார்பில் தோழியோ அவனை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பலாம். அதற்கு வாயில் மறுத்தல் என்று பெயர். ஏற்றுக்கொண்டால் வாயில் நேர்தல். வீடு யார் பெயரில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. வருகிறவர் யாரைப் பார்க்க வருகிறாரோ, மறுப்பதும் ஏற்பதும் அவளுடைய வேலை.

அதே மரபில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. இற்செறிப்பு. பெண் வளர்ந்துவிட்டாள், ஊர் பேசுகிறது, இனி வெளியே அனுப்பக் கூடாது என்று குடும்பம் அவளை வீட்டுக்குள் அடைப்பது. அங்கே கதவு குடும்பத்தின் கையில் இருக்கிறது. வாயில் மறுத்தலும் இற்செறிப்பும் ஒரே கதவைத்தான் அடைக்கின்றன. ஒன்றில் உள்ளே இருப்பவள் அடைக்கிறாள். மற்றொன்றில் அவள்மீது அடைக்கப்படுகிறது. விடுதியில் நடப்பது இற்செறிப்பு. அதன் சட்டப் பெயர்தான் தனியார் சொத்து.

மரபை அழகுபடுத்திவிட்டு நகர எனக்கு விருப்பமில்லை. அடியோரையும் வினைவலரையும், அதாவது பிறர்க்கு அடிமையாக இருப்பவர்களையும் ஏவல் தொழில் செய்பவர்களையும், அன்பின் ஐந்திணைக்குப் புறம்பே வைத்தது அதே தொல்காப்பியம்தான். வாயில் மறுக்கும் பெருமை வீடும் பணியாளும் உள்ள தலைவிக்கே எழுதப்பட்டது. ஆலையில் நூல் இழுக்கும் பெண்ணுக்கு அதைக் கேட்பது மரபைத் திரும்பக் கொண்டுவருவது ஆகாது. மரபு அவளுக்குத் தராமல் வைத்திருந்ததை இப்போது கேட்கிறோம்.

எங்கள் கல்லூரியில் ஆலை விடுதியில் மூன்று வருடம் இருந்து, அந்தப் பணத்தில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்த மாணவி ஒருத்தி இருந்தாள். விடுதியைப் பற்றி அவள் குறையாக அதிகம் சொன்னதில்லை. சோறு பரவாயில்லை, அறைத்தோழிகள் நல்லவர்கள் என்பாள். ஒருமுறை பார்வையாளர் பதிவேட்டைப் பற்றிச் சொன்னாள். செக்யூரிட்டி மேசையில் ஒரு நீண்ட நோட்டு. பெயர், ஊர், யாரைப் பார்க்க, உறவு, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. ‘உறவு’ என்ற கட்டத்தில் அப்பா, அம்மா, அண்ணன், சித்தப்பா என்று எழுதலாம். கூடப் படித்த பெண் ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை இவளைப் பார்க்க வந்தாள். என்ன எழுதுவது என்று தெரியாமல் ‘ஃபிரண்டு’ என்று எழுதினாள். அனுமதிக்கவில்லை. அவள் வந்துபோனதே இவளுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. “என்ன கேட்டிருந்தா நான் வரச் சொல்லியிருப்பேன் மேடம். என்னக் கேக்கவே இல்ல” என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தொழிற்சங்கத்தவர் உள்ளே நுழையும் உரிமை என்று நாம் இதைப் பேசும்போது சண்டை இரண்டு வெளியாட்களுக்கு இடையே நடப்பதுபோலத் தோன்றுகிறது. ஒருபக்கம் முதலாளி, மறுபக்கம் சங்கம். யாரைப் பார்க்க வந்தார்களோ அவள் காணாமல் போகிறாள். முதலில் அவளுக்கு உரியது ஓர் உரிமை. தன்னைப் பார்க்க வருபவரைப் பார்க்கலாமா வேண்டாமா என்று தானே முடிவு செய்வது. சங்கத்தவரின் உரிமை அதிலிருந்து கிளைப்பது. அவள் வேண்டாம் என்றால் அவர் திரும்பிப் போக வேண்டியதுதான்.

உரிமையாளர் காப்பது உண்மையில் சுவரைத்தானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. யாரையெல்லாம் உள்ளே விடுகிறார் என்று கவனித்தால் போதும். சில வருடங்களுக்கு முன் மகளிர் தினத்துக்குப் பேச ஓர் ஆலை என்னை அழைத்தது. கார் அனுப்பினார்கள். கதவு முழுதாகத் திறந்தது. பதிவேட்டில் நான் எதுவும் எழுதவில்லை. முந்நூறு பெண்கள் ஷிப்டு முடிந்த களைப்போடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்பு யோகா சொல்லித்தரும் ஒருவர் பேசினார். அடுத்த வாரம் வங்கிக்காரர்கள் கணக்குத் தொடங்க வருவார்கள் என்று அறிவித்தார்கள். புதிதாக ஆள் பிடித்துத் தரும் புரோக்கர் உணவுக்கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் வெளியாட்கள். சொத்தின் புனிதம் எங்களால் கெடவில்லை. நான் பாரதியின் புதுமைப்பெண்ணைப் பற்றிப் பேசலாம். மிகைநேர ஊதியம் இரட்டிப்பாகக் கணக்கிடப்பட வேண்டும் என்று சொல்ல வருகிறவர் சாலையிலேயே நிற்க வேண்டும். அப்படியானால் அங்கே தடுக்கப்படுவது ஆளும் காலடியும் அன்று, ஒரு குறிப்பிட்ட பேச்சு. நிலத்தின் பத்திரம் நிலத்தைத்தான் கொடுக்கும். அந்த நிலத்தில் நிற்பவளின் காதுகளையும் சேர்த்துக் கொடுப்பதில்லை.

இதற்கு ஆலைகள் சொல்லும் பதில் பாதுகாப்பு. வயசுப் பெண்கள், பெற்றோர் எங்களை நம்பி விட்டிருக்கிறார்கள், நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? இது வெறும் சாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாத ஆண்கள் எந்த நேரமும் பெண்கள் விடுதிக்குள் நடமாடலாம் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. பெற்றோரின் பயமும் உண்மை. ஆனால் இந்தக் காவலுக்கு ஒரு விநோதமான திசை இருக்கிறது. அது வெளியிலிருந்து வரும் ஆபத்தை மட்டுமே பார்க்கிறது. இரவு ஷிப்டில் மேலே உரசிக்கொண்டு போகும் சூப்பர்வைசருக்குக் கதவு கிடையாது, அவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். அவரைப் பற்றி யாரிடம் சொல்வது என்று தெரிவிக்க வருபவருக்குத்தான் கதவு அடைக்கப்படுகிறது. அப்பா வீட்டுக் காவல், கணவன் வீட்டுக் காவல், ஆலைக் காவல் என்று கை மாறும்போதெல்லாம் பாதுகாப்பு என்ற ஒரே சொல் கூடவே வருகிறது. பாதுகாக்கப்படுபவளிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் மட்டும் எங்கும் இல்லை.

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்து வாதாடிய நீதிமன்றங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. அலபாமா மாநிலத்தில் சிக்கசா என்று ஓர் ஊர். தெரு, கடை, வீடு எல்லாமே ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்துக்குச் சொந்தம். கிரேஸ் மார்ஷ் என்ற பெண் அங்கே அஞ்சலகத்தின் அருகே நடைபாதையில் நின்று தன் மதப் பிரசுரங்களைக் கொடுத்தார். அத்துமீறல் என்று தண்டிக்கப்பட்டார். 1946இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. உரிமையாளர் தன் லாபத்துக்காகப் பிறருக்கு எவ்வளவு திறந்துவிடுகிறாரோ, அந்த அளவுக்கு அவருடைய உரிமை அங்கே இருப்பவர்களின் உரிமையால் வரம்புக்கு உட்படும் என்பது தீர்ப்பின் சாரம்.

நம் விடுதிகளுக்கு இன்னும் நெருக்கமானது 1971இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்த்த ‘ஸ்டேட் எதிர் ஷாக்’ வழக்கு. இடம்பெயர்ந்து வந்த கூலித் தொழிலாளர்களைப் பண்ணையிலேயே தங்கவைத்திருந்தார் ஒரு விவசாயி. ஒருவருக்குக் காயத்தில் போட்ட தையல் பிரிக்க வேண்டியிருந்தது, இன்னொருவருக்குச் சட்ட உதவி தேவைப்பட்டது. இதற்காக ஒரு களப்பணியாளரும் ஒரு வழக்கறிஞரும் போனார்கள். விவசாயி முழுதாக மறுக்கவில்லை. தன் அலுவலகத்தில், தன் முன்னிலையில் பேசலாம் என்றார். அவர்கள் ஒப்புக்கொள்ளாததால் அத்துமீறல் வழக்கு வந்தது. நிலத்தின் மீதான உரிமை, அங்கே தங்க அனுமதிக்கப்பட்ட மனிதர்களின் வாழ்வை ஆளும் உரிமை ஆகாது என்றது நீதிமன்றம். பிறருக்குத் தீங்கு இல்லாதவரை தொழிலாளி தான் விரும்பும் பார்வையாளரைத் தான் தங்கியிருக்கும் இடத்தில் வரவேற்கலாம் என்றும் சொன்னது. அந்த ‘என் முன்னிலையில்’ என்ற நிபந்தனையை நம் மாணவிகள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். வார்டன் பக்கத்தில் நிற்க அம்மாவிடம் போனில் பேசியவர்கள் அவர்கள்.

காற்று எப்போதும் ஒரே திசையில் வீசவில்லை. கலிஃபோர்னியாவில் 1975 முதல் ஒரு விதி இருந்தது. பண்ணைத் தொழிலாளர்களைச் சந்திக்கச் சங்கத்தினர் வேலைக்கு முன்பும் பின்பும் உணவு இடைவேளையிலுமாக நாளுக்கு 3 மணிநேரம், ஆண்டுக்கு 120 நாள் வரை பண்ணைக்குள் வரலாம். 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்த விதியைச் செல்லாது என்றது. பிறரை வெளியே நிறுத்துவதே உடைமையின் அடிப்படை, அதை அரசு பறித்தால் இழப்பீடு தர வேண்டும் என்பது பெரும்பான்மையின் வாதம். வழக்குத் தொடுத்த பண்ணைகளில் தொழிலாளர்கள் குடியிருக்கவில்லை என்பதும் அந்த வழக்கில் பதிவாகியிருக்கிறது. வெளியாட்களான சங்கத்தினரைத் தடுக்கலாம் என்று 1992இல் வேறொரு வழக்கில் சொன்னபோதும், மரம் வெட்டும் முகாம், சுரங்க முகாம் போல உரிமையாளரின் இடத்திலேயே தொழிலாளர்கள் தங்கியிருந்தால் விதிவிலக்கு உண்டு என்று அதே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. சொத்துரிமையை இவ்வளவு உயரத்தில் வைக்கும் நாட்டின் சட்டத்துக்கே, வேலையிடமும் வீடும் ஒன்றாகிவிட்டால் கணக்கு மாறுகிறது என்று தெரிந்திருக்கிறது. கிராமத்திலிருந்து வேனில் வந்துபோகும் பெண்ணைச் சங்கம் அவள் தெருவில் சந்திக்கலாம். ஜார்க்கண்டிலிருந்து வந்து விடுதியில் இருப்பவளுக்கு அந்தச் சுவருக்கு வெளியே இங்கே ஒரு தெரு இல்லை.

சங்கம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் என் வாதமன்று. 2015 செப்டம்பரில் மூணாறின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். 20 சதவீத போனஸ் 10 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. பெண்கள் ஒற்றுமை என்று பொருள்படும் பொம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்டு, ஒன்பது நாளில் அந்த 20 சதவீதத்தை மீட்டார்கள். போராட்டத்துக்கு வந்த தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் அருகில் சேர்க்கவில்லை. பல ஆண்டுகளாகத் தங்கள் பெயரில் கையெழுத்திட்ட ஆண்களை, வேலை செய்தவர்கள் வெளியே நிறுத்தினார்கள். இலக்கணப்படி அதுதான் வாயில் மறுத்தல். முதலாளி சங்கத்தை மறுப்பதும் அந்தப் பெண்கள் சங்கத்தை மறுத்ததும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். முதலாவதில் தொழிலாளி கேட்காமலே போகிறாள். இரண்டாவதில் அவள் கேட்டு, எடைபோட்டு, வேண்டாம் என்கிறாள். வேண்டாம் என்று சொல்லவும் முதலில் யாராவது வந்து கேட்டிருக்க வேண்டும்.

கதவு அடைந்தே இருந்தால் பேச்சு நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் 2021 டிசம்பரை நினைத்துப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய நிலை பற்றி நம்பக்கூடிய செய்தி மற்ற பெண்களுக்குக் கிடைக்கவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். உள்ளே கேட்க ஆள் இல்லாதபோது கேட்பதற்கு நெடுஞ்சாலைதான் மிச்சமிருந்தது.

அதே ஆண்டு ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் அதை ஒரு தனிக் குற்றமாக முடித்துவிட விடவில்லை. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை நிர்வாகம் ஒருபக்கம், எச் அண்டு எம், கேப் போன்ற ஆடை நிறுவனங்கள் ஒருபக்கம் அதற்குக் கட்டுப்பட்டன. அந்த ஒப்பந்தத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, சங்கத்திடம் பயிற்சி பெற்ற தொழிலாளிப் பெண்களே உற்பத்தித் தளத்தில் கண்காணிப்பாளர்களாக இருக்கிறார்கள் என்பது. சீண்டலையும் வசவையும் அவர்கள் பார்க்கலாம், கேட்கலாம், புகாராகக் கொண்டுபோகலாம். அதற்காக அவர்களைப் பழிவாங்கக் கூடாது. கதவு திறந்ததால் ஆலை இடிந்துவிடவில்லை. ஆனால் அது திறப்பதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. ஒப்பந்தம் இல்லாத ஆலைகளில் பலகை அப்படியேதான் இருக்கிறது.

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலருடைய அக்காவோ தங்கையோ இப்போது ஒரு விடுதியில் இருக்கலாம். நாம் கேட்க வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. விடுதியில் வார்டன் நிற்காத ஒரு பார்வையாளர் அறை. ஷிப்டு இல்லாத நேரத்தில் பெண் பார்வையாளர்கள் யாராக இருந்தாலும் வரலாம் என்ற ஒரு விதி. வந்தவர் யார் என்று உள்ளே இருப்பவளிடம் சொல்லி, பார்க்கிறாயா என்று கேட்கும் கடமை. அவளுடைய மொழி இந்தியோ ஒடியாவோ என்றால் அந்த மொழியில் பேசத் தெரிந்த ஒருவரை அனுப்பும் பொறுப்பு சங்கங்களுக்கும் இருக்கிறது. தமிழில் மட்டும் அச்சிட்ட துண்டறிக்கை அவளுக்கு இன்னொரு சுவர்தான்.

அந்தப் பதிவேட்டில் இரண்டு திருத்தங்கள் போதும். ‘உள்ளே இருப்பவரின் சம்மதம்’ என்று ஒரு கட்டம் சேர்த்து, அதில் அவளே கையெழுத்துப் போட வேண்டும். ‘உறவு’ என்ற கட்டத்தில் தோழி என்று எழுதினாலும் செல்ல வேண்டும். தொல்காப்பியர் சொன்ன பன்னிரண்டு வாயில்களில் முதலில் வருபவள் அவள்தான்.